முலுண்டுக்குப் பூனையோடு வரும் தம்பிக்கு

தம்பி, திருநெல்வேலியில் இருந்து மாற்றலாகி வருவதாகவும் மும்பையில் முலுண்ட் மேற்கில் மலையடிவாரத்தில் வீடு பார்த்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். வாடகை, அட்வான்ஸ், பிள்ளைக்கு ஸ்கூல், இட்லி மாவு, லோக்கல் ரயில் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "எங்கள் பூனை இஷ்டத்துக்கு வெளியே போய்வந்து பழகியது, அங்கே ஒன்றும் பிரச்சினை இல்லையே?"

மற்றதெல்லாம் வந்தால் தானாகப் பிடிபட்டுவிடும். மாவு ஸ்டேஷன் பக்கம் கிடைக்கும், சுமாராக இருக்கும். காலை எட்டு மணிக்கு மேல் பெட்டி படுக்கையோடு ஃபாஸ்ட் லோக்கலில் ஏறாதீர்கள். பூனை விஷயம்தான் உட்கார்ந்து பேச வேண்டியது. பிரச்சினை இருக்கிறது.

உங்கள் ஜன்னலில் தெரியப்போகிற மலை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் விளிம்பு. சுமார் 104 சதுர கிலோமீட்டர் காடு. அந்தப் பக்கம் போரிவலி, இந்தப் பக்கம் முலுண்ட், வடக்கே தானே, தெற்கே ஆரே காலனி. சமீபத்திய கணக்கெடுப்புப்படி இந்த வட்டாரத்தில் 50-க்கு மேல் சிறுத்தைகள். புரோக்கர் "ஃபாரஸ்ட் வியூ" என்று சொல்லி வாடகையை ஏற்றியிருப்பார். அந்த வியூவில் சிறுத்தையும் சேர்த்தி என்று மட்டும் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

1988-ல் கல்யாணமாகி நான் இங்கே வந்தபோது எனக்கும் யாரும் சொல்லவில்லை. மலையை ஒட்டிய சாலில், அதாவது வரிசை வீட்டில், ஒற்றை அறை. கக்கூஸ் எல்லோருக்கும் பொது, அதுவும் வரிசைக்கு வெளியே, புதர் ஓரம். ராத்திரி அவசரம் என்றால் தனியாகப் போகக்கூடாது என்று பக்கத்து வீட்டு மராட்டிப் பாட்டிதான் சொல்லிக்கொடுத்தார். இரண்டு பேராகப் போவோம். தகர வாளியின் கைப்பிடியைத் தூக்கித் தூக்கிப் போட்டு டங் டங் என்று சத்தம் எழுப்பிக்கொண்டே நடப்போம். ஆள் வருவது தெரிந்தால் பிப்டியா, மராட்டியில் சிறுத்தை, தானாக விலகிவிடும் என்பார் பாட்டி. ஊருக்கு நடுவே மாட்டுங்காவில் இருந்த எங்கள் சொந்தக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். பம்பாயில் இருந்துகொண்டு புலிக்கதை விடுகிறாள் என்று. அவர்களுக்குப் பக்கத்தில் இருக்கிற கிங்ஸ் சர்க்கிளைத் தாண்டினால் எல்லாமே காடுதான், அது வேறு விஷயம்.

அந்தப் பாட்டி இரண்டு பூனை வைத்திருந்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கருவாட்டுத் தலையை வாசலில் காட்டிக் கூப்பிடுவார். வந்ததும், நம் ஊரில் கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்ப்பது போல ஒரு மூங்கில் கூடையைப் போட்டு மூடி, மேலே அம்மிக் குழவியை வைத்துவிடுவார். விடிந்த பிறகுதான் திறப்பார். வரிசையில் மற்றவர்கள் வளர்த்த பூனைகள் வரும், போகும். பாட்டியின் பூனைகள் கிழடு தட்டும்வரை இருந்தன.

காட்டுக்குள் மான் இருக்கிறது, குரங்கு இருக்கிறது. ஆனால் விளிம்பில் திரியும் சிறுத்தைக்குத் தெருநாய்தான் பெரிய சாப்பாடு. அதோடு பூனை, கோழி, பன்றிக்குட்டி, கிடைத்தது எது என்றாலும் சரி. ஆரேயில் தபேலாக்கள், அதாவது மாட்டுக் கொட்டில்கள் வேறு. குப்பை கிடந்தால் நாய் வரும், நாய் வந்தால் சிறுத்தை வரும். இந்தச் சங்கிலியில் நாம் கொண்டுபோய் வைக்கும் பூனைத்தட்டும் ஒரு கண்ணி. எங்கள் பில்டிங்கிலேயே, சொல்லக் கூசுகிறது, நம் தமிழ்க் குடும்பம் ஒன்றுதான் ராத்திரி பத்து மணிக்கு மீன்குழம்பு மிச்சத்தையும் சோற்றையும் பார்க்கிங்கில் கொட்டிவைக்கும். புண்ணியமாம். ஒருநாள் சிசிடிவியில் பார்த்தோம். காம்பவுண்டுச் சுவரில் இருந்து சத்தமில்லாமல் இறங்கி, ஸ்கூட்டர்களுக்கு நடுவே வந்து, தட்டை மோந்து பார்த்துவிட்டு, லிஃப்ட் கதவுக்கு எதிரே நின்று வாலை ஆட்டிக்கொண்டிருக்கிறது சிறுத்தை. பத்தடி தள்ளி வாட்ச்மேன் நாற்காலியில் நல்ல தூக்கம். பகலில் அதே இடத்தில்தான் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். அதற்குப் பிறகும் அந்தம்மா தட்டு வைப்பதை நிறுத்தவில்லை, இடத்தை மட்டும் மாற்றினார்.

அதனால், போனால் நம் பூனைதானே போகும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆரேயில் 2021-ல் பின்னால் வந்து பாய்ந்த சிறுத்தையை ஒரு அம்மா கைத்தடியாலேயே அடித்து விரட்டினார். அடுத்த வருஷம் தீபாவளிச் சமயத்தில் அதே ஆரேயில் ஒரு கைக்குழந்தை போய்விட்டது.

இதைப் படித்துவிட்டு, வந்த மறுநாளே பில்டிங் சொசைட்டி மீட்டிங்கில் எழுந்து "வனத்துறையைக் கூப்பிட்டுக் கூண்டு வையுங்கள்" என்று நீங்களும் ஆரம்பிக்காதீர்கள். புதிதாக வருகிறவர்கள், அதிலும் பவாய் ஐ.டி. கூட்டத்தில் இருந்து இந்தப் பக்கம் வீடு வாங்கி வருகிறவர்கள், முதலில் கேட்பது இதைத்தான். 2004 ஜூனில் இங்கே அடுத்தடுத்து ஆட்கள் செத்தார்கள். மழைக்காலம், சாயங்காலம் ஆறு மணிக்கே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தோம். பல சிறுத்தைகளைப் பிடித்தார்கள். ஒன்றைப் பிடித்தால் காலியான இடத்துக்கு இன்னொன்று வந்துவிடும். பிடித்ததை வேறு காட்டில் விட்டால் அது வழி தெரியாமல் அங்கே ஆட்களிடம் போகும். புனே மாவட்டத்து ஜுன்னர் பக்கம் வனவிலங்கு ஆய்வாளர் வித்யா ஆத்ரேயா ஆராய்ந்து சொன்னதும் இதைத்தான். பிறகு வனத்துறையும் குப்பையை எடு, வெளிச்சம் போடு, பிள்ளைகளைத் தனியே விடாதே என்று சொல்ல ஆரம்பித்தது. ஆரேயின் வார்லி ஆதிவாசிகள் வாகோபா என்கிற புலிச்சாமிக்குப் படையல் வைத்துவிட்டுச் சிறுத்தையோடு தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். நாம் நேற்று வந்தவர்கள். அகப்பட்டுக்கொண்ட சிறுத்தையையோ காயம்பட்டதையோ பார்த்தால் மட்டும் வனத்துறையின் உதவி எண் 1926-க்குப் போன் போடுங்கள். கூட்டம் கூடி வீடியோ எடுக்காதீர்கள்.

பூனையை வீட்டுக்குள்ளேயே வையுங்கள். அடைத்துவைப்பது பாவம் என்று ஊரில் இருந்து உங்கள் அம்மா சொல்வார்கள். என் மாமியாரும் சொன்னார்கள். இந்த ஊரில் பூனைக்கு எமன் சிறுத்தை மட்டும் இல்லை. தெருநாய்க் கூட்டம், ரிவர்ஸில் வரும் கார், எலிமருந்து தின்ற எலி. நல்ல வேளை, நீங்கள் செம்பூர் பக்கம் போகவில்லை. அங்கே சதுப்புநிலத்து நரிகளுக்கு வெறிநோய் இருந்ததாக 2024-ல் செய்தி வந்தது. ஆண் பூனை என்றால் ஊரிலேயே கருத்தடை செய்து கொண்டுவாருங்கள், வெளியே ஓடும் ஆசை பாதி குறையும். ரேபிஸ் ஊசியும் போட்டுவிடுங்கள். முதல் வாரம் கதவடியில் உட்கார்ந்து ராத்திரி முழுக்கக் கத்தும். கத்தட்டும். உயரமான அலமாரி ஒன்றை ஜன்னலோரம் போட்டுக் கொடுத்தால் புறாவைப் பார்த்தே பொழுதைப் போக்கிவிடும்.

பால்கனிக்கு இங்கே எல்லோரும் போடுகிற நைலான் புறா வலை போதாது. ஒரே ராத்திரியில் பூனை கடித்து ஓட்டை போட்டுவிடும். மெல்லிய இரும்புக் கம்பிவலை கேளுங்கள். அதைக் கிரில்லுக்கு உள்பக்கமாக அடிக்கச் சொல்லுங்கள். வெளிப்பக்கம் அடித்தால் பில்டிங் அழகு கெட்டுப்போச்சு என்று செகரட்டரி நோட்டீஸ் அனுப்புவார். அவரிடம் நாலு வார்த்தை மராட்டியில் பேசினால் அதுவும் வராது.