எல்லா பாகத்தையும் வெட்டி வச்சுட்டேன், இப்ப என்ன பண்றது?

கேள்வி: முதல் தடவையா குண்டம்னு ஜப்பான் கார்ட்டூன் தொடர்ல வர்ற ரோபோவோட பிளாஸ்டிக் மாடல் கிட் ஒண்ணு வாங்கினேன், ஹெச்ஜி (ஹை கிரேடு) வரிசை, 1/144 அளவு. பசையே வேணாம், அழுத்தினா கிளிக்னு மாட்டிக்கும்னு சொன்னாங்க. ஆர்வத்துல ஒரே மூச்சுல எல்லா பாகத்தையும் சட்டத்துல இருந்து நகவெட்டியால வெட்டி ஒரு டப்பால போட்டுட்டேன். அப்புறம் மேனுவலை திறந்தா ஏ12, பி7ன்னு கேக்குது, பாகத்துல ஒரு நம்பரும் இல்ல. மேனுவல் முழுக்க ஜப்பானிய எழுத்து. வெட்டின இடமெல்லாம் வேற வெள்ளை வெள்ளையா தெரியுது. இதை அப்படியே மூட்டை கட்டி வச்சுடவா?

பதில்: வேணவே வேணாம், இது கண்டிப்பா காப்பாத்தக்கூடிய கிட்தான். உங்களை மாதிரியே முதல் நாள் எல்லாத்தையும் வெட்டிட்டு முழிச்சவங்க நிறைய பேர் இருக்காங்க.

நம்பர் பாகத்துல இருக்காது, அதை பிடிச்சிருக்குற சட்டத்துல, அதாவது ரன்னர்ல, பாகத்துக்கு பக்கத்துலயே இருக்கும். அதனாலதான் எந்த ஸ்டெப்புக்கு எது வேணுமோ அதை மட்டும் அப்பப்ப வெட்டணும்னு சொல்றது. சரி, நடந்தது நடந்துடுச்சு, மேனுவலை முழுசா புரட்டுங்க, ரன்னர் ஒவ்வொண்ணும் எப்படி இருக்கும்னு படம் போட்ட பக்கம் ஒண்ணு இருக்கும், உங்களுக்கு இனிமே அதுதான் வழிகாட்டி. எழுத்து படிக்கத் தெரியலையேன்னு கவலைப்படாதீங்க, படத்தையும் அம்புக்குறியையும் மட்டும் பார்த்தே முழுசா முடிச்சுடலாம்.

அடுத்து ஒரு வெள்ளைத் துணியை விரிச்சு பாகத்தை எல்லாம் கலர்வாரியா பிரிங்க. பெரும்பாலும் ஒரு ரன்னர் ஒரே கலர்லதான் இருக்கும், அதனால வெள்ளை, நீலம், சாம்பல்னு பிரிச்சாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி. கொஞ்சம் ரப்பர் மாதிரி மெத்துன்னு இருக்குறது பாலிகேப், கை கால் மடங்குற மூட்டுக்குள்ள போறது, அது தனியா இருக்கட்டும் (சில புது கிட்ல அது வர்றதில்ல, காணோமேன்னு தேடாதீங்க). மொத்தத்துக்கும் இப்பவே பேர் கண்டுபிடிக்கணும்னு உட்காராதீங்க, முதல் ஸ்டெப்புக்கு நாலு பாகம் வேணும்னா அந்த நாலை மட்டும் உருவம் பார்த்து தேடுங்க. போகப் போக குவியல் குறையும், தேடுறதும் சுலபமாயிடும்.

ஒரே ஒரு இடத்துல ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும், இடது வலது. முன்கையும் கெண்டைக்காலும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், திருப்பிப் பார்த்தா ஒண்ணுல உள்பக்கம் சின்னதா ஒரு வெட்டு இருக்கும், இன்னொண்ணுல அது எதிர்ப்பக்கம் இருக்கும். அதனால முதல்ல லேசா பாதி வரைக்கும் மட்டும் மாட்டி, படத்தோட ஒப்பிட்டு பார்த்துட்டு அப்புறம் அழுத்துங்க. நான் என்னோட முதல் கிட்ல முழங்கையை மாத்தி போட்டு, போக மாட்டேங்குதேன்னு பலமா அழுத்தி, பெக் (ஓட்டைக்குள்ள போய் மாட்டுற சின்ன முளை) ஒடிஞ்சு உள்ளயே நின்னுடுச்சு. சரியான பாகம் சரியான பக்கமா இருந்தா அவ்வளவு பலம் தேவைப்படாது.

இப்ப அந்த வெள்ளை. அது அழுக்கு இல்ல, பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை வளைச்சாலோ நசுக்கினாலோ உள்ள கண்ணுக்கு தெரியாத விரிசல் விழும், வெளிச்சம் அதுல பட்டு சிதறுறதால வெள்ளையா தெரியுது. நகவெட்டி பிளாஸ்டிக்கை வெட்டுறதை விட நசுக்குறதுதான் அதிகம். கட்டை விரல் நகத்தால அந்த இடத்தை அழுத்தி தேய்ச்சு பாருங்க, லேசான வெள்ளை அதுலயே மங்கிடும். முண்டு மாதிரி நீட்டிட்டு இருந்தா 400 நம்பர் உப்புத்தாள்ல ஆரம்பிச்சு 600, 800, 1000னு போங்க. கண்ணாடி மாதிரி ஊடுருவி தெரியுற பாகத்துல மட்டும் உப்புத்தாள் படவே கூடாது.

அடுத்த கிட்டுக்கு ஒரு நல்ல நிப்பர் (பாகத்தை வெட்டுறதுக்கான சின்ன கட்டிங் பிளேயர்) வாங்கிடுங்க, செலவு பண்றதுன்னா முதல்ல அதுக்குத்தான் பண்ணணும்னு நான் அடிச்சு சொல்வேன். வெட்டுறதும் ரெண்டு தடவையா வெட்டணும், முதல்ல பாகத்தை விட்டு தள்ளி வெட்டி கையில எடுத்துக்கணும், அப்புறம் மிச்சம் நிக்குற குச்சியை நிப்பரோட தட்டை பக்கத்தை பாகத்தோட ஒட்டினாப்ல வச்சு மெதுவா நறுக்கணும். சட்டத்தோட இழுவிசை பாகத்துக்கு வராததால வெள்ளை விழுறது ரொம்பவே குறையும், விரல் வச்சு தடவினா வெட்டின இடம் எதுன்னே சிலதுல தெரியாது, அந்த சந்தோஷத்துக்காகவே நான் இன்னமும் ஒவ்வொரு பாகத்தையும் பொறுமையா வெட்டுறேன்.

கேள்வி: முதல் கிட்டே பெருசா வாங்கினா என்ன? 1/144 ரொம்ப சின்னதா தெரியுதே?

பதில்: கதைப்படி அந்த முதல் குண்டம் 18 மீட்டர் உயரம், 144ஆல வகுத்தா 12.5 சென்டிமீட்டர், உள்ளங்கையில நிக்குற அளவுதான். 1/100ல வர்ற எம்ஜி (மாஸ்டர் கிரேடு) 18 சென்டிமீட்டர், 1/60 பிஜி (பெர்ஃபெக்ட் கிரேடு) 30. ஆனா பெருசாக பெருசாக உள்ள எலும்புக்கூடு மாதிரி ஒரு ஃப்ரேமும் சேர்ந்து வரும், பாகம் எக்கச்சக்கமாயிடும். ஆர்ஜி (ரியல் கிரேடு)ன்னு 2010ல வந்த வரிசை 1/144தான், ஆனா அதுல பாகமெல்லாம் பொடிப்பொடியா இருக்கும், முதல் தடவைக்கு அதை வாங்காதீங்க. என்ட்ரி கிரேடுன்னு ஒண்ணு இருக்கு, நிப்பர்கூட வேணாம், கையாலயே பிச்சு எடுக்கலாம், அதுல தொடங்குறது நல்லது. 1979ல டிவில வந்த தொடருக்கு 1980 ஜூலைல முதல் கிட் வந்தப்ப அதை பசை போட்டுத்தான் ஒட்டணும், பெயின்ட்டும் நாமளே அடிக்கணும். இன்னைக்கு பெட்டியை திறந்ததும் கலரோட கிடைக்குது, அதனால முதல் கிட்டுக்கு பெயின்ட் பத்தி யோசிக்கவே வேணாம்.

கேள்வி: கட்டி முடிச்சுட்டேன், ஆனா படத்துல இருக்குற மாதிரி இல்லாம பொம்மை மாதிரி தெரியுது, ஏன்?

பதில்: உடம்புல இருக்குற மெல்லிய பள்ளக் கோட்டுல நிழல் இல்லாததுதான் காரணம். மெல்லிய முனை இருக்குற குண்டம் மார்க்கரால (இந்த கிட்டுக்குன்னே விக்கிற பேனா) அந்த கோட்டுல இழுங்க, வெளிய வழிஞ்சதை அழிப்பான் வச்சு துடைச்சுடுங்க. வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் கறுப்பு வேணாம், சாம்பலும் பழுப்பும்தான் எடுபடும். எனாமல் மையை மட்டும் மாட்டி முடிச்ச பாகத்துல ஊத்தாதீங்க, அது இறுக்கமா இருக்குற பெக் பக்கம் ஊறிப் போய் பிளாஸ்டிக்கையே பிளந்துடும். கண்ணுக்கு ஒட்டுற ஸ்டிக்கரை விரலால தொடாம இடுக்கியால எடுத்து வச்சு பல்குத்தியோட மொட்டை முனையால நடுவுல இருந்து ஓரத்துக்கு அழுத்துங்க, கண்ணு நேரா உட்கார்ந்தாலே முகத்துக்கு உயிர் வந்துடும்.