லேப் ஆக்களைக் கேக்காம ஒரு சிஸ்டமா?

கேள்வி: நான் ஒரு ஆஸ்பத்திரி லேப்ல எம்.எல்.டி. (ரத்தம், சலம் டெஸ்ட் செய்யிற ஆள்). ரிப்போட் எல்லாம் இனிக் கொம்பியூட்டர்லதானாம். மீட்டிங்குக்கு டொக்டர்மாரையும் ஐ.டி. ஆக்களையும் மட்டும்தான் கூப்பிடுகினம். எங்களையும் கூப்பிடுங்கோ எண்டு கேக்கலாமா?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: கேளுங்கோ தங்கச்சி, வாயால இல்ல, எழுத்தில குடுங்கோ. ஸ்கிரீன்ல ‘சுகர்’ எண்டு ஒரு பெட்டி போட்டா வேலை முடிஞ்சுது எண்டு ஐ.டி. தம்பிமார் நினைப்பினம், ஆனா அது சாப்பிடாம எடுத்ததா சாப்பிட்டு எடுத்ததா, மில்லிகிராமா மில்லிமோலா எண்டு ஆர் சொல்லுறது? சுகருக்கு டெசிலீட்டருக்கு 126 மில்லிகிராமும் லீட்டருக்கு 7 மில்லிமோலும் ஒண்டுதான், மில்லிகிராமை 18ஆல பிரிக்கோணும், யூனிட் மாறி விழுந்தா கதை கந்தல்.

பொட்டாசியத்தைப் பாருங்கோ. சாம்பிள்ல ரத்த அணு உடைஞ்சிருந்தா பொய்யாக் கூடிக் காட்டும், இப்ப நீங்க கடதாசில பேனையால ‘ஹீமோலைஸ்ட், திரும்ப எடுத்து அனுப்பவும்’ எண்டு எழுதி விடுறீங்க, புது சிஸ்டத்தில அதுக்கு இடம் இருக்கா? இல்லாட்டி மெஷின் சொன்ன நம்பர் நேர வோர்டுக்குப் போயிடுமா, நீங்க பாத்து ஓகே பண்ணாமலே? (இதை டொக்டர்மாரே கேட்டிருக்கோணும், சரி விடுங்கோ.)

டெஸ்டுகளுக்கு 1994ல அமெரிக்காவில துவங்கின லொயின்க் எண்ட கோட் முறை இருக்கு, அதைப் பாவிக்கிறதெண்டா எந்த டெஸ்டுக்கு எந்தக் கோட் எண்டு பொருத்தேக்க லேப் ஆள் ஒராள் பக்கத்தில இருக்கத்தான் வேணும். பார்கோட் ஆர் ஒட்டுறது, கரண்ட் போனா என்ன வழி எண்டதையும் சேத்துக் கேளுங்கோ. சிஸ்டம் துவங்க முதல் உங்கட பழைய ரிப்போட் கொஞ்சத்தைப் போட்டு ஓட்டிப் பாக்கச் சொல்லுங்கோ, பிழையெல்லாம் அங்கேயே வெளிய வரும்.