எந்த செல்போனை வாங்குவது? விலையை மாதத்தால் வகுத்துப் பாருங்கள்

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. என் பழைய செல்போனில் வங்கிச் செயலி இனி வேலை செய்யாது என்று வந்துவிட்டது. மூன்று வாரங்களாக ஒப்பீட்டு இணையதளங்களை அலசி, இரண்டு மாடல்களில் வந்து நிற்கிறேன். அவற்றின் பெயர்களையும் ஒப்பீட்டு அட்டவணையையும் நான் கண்ட ‘அதிரடி விலை’ இணைப்புகளையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். முதலாவதில் 108 மெகாபிக்சல் கேமரா, 16 ஜிபி ரேம், 67 வாட் சார்ஜிங். இரண்டாவதில் 50 மெகாபிக்சல், 8 ஜிபி, 45 வாட். ஆனால் இரண்டாவதன் விலை ஐந்தில் ஒரு பங்கு அதிகம். ஒப்பீட்டுத் தளம் முதலாவதற்குத்தான் அதிக மதிப்பெண் தருகிறது, கடைக்காரரும் அதையே சொல்கிறார். நான்கு ஆண்டுகளாவது வைத்திருக்க வேண்டும். எதை வாங்கட்டும்? தள்ளுபடி வரும்வரை காத்திருக்கலாமா?

பதில்: இரண்டாவதை வாங்குங்கள். மூன்று வாரம் மெனக்கெட்ட உங்களுக்கு இப்படி ஒரே வரியில் பதில் சொன்னால் போதாது. காரணத்தையும் சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய ஒப்பீட்டு அட்டவணையில் நாற்பதுக்கு மேற்பட்ட வரிகள் இருக்கின்றன. போனின் எடை, திரையின் அகலம், புளூடூத் பதிப்பு, பின்புறத்தின் நிறம்கூட இருக்கிறது. பாதுகாப்பு அப்டேட் எந்த மாதத்தோடு நிற்கும் என்ற வரியை மட்டும் காணவில்லை. உங்கள் பழைய போனைக் கொன்றது எது என்று யோசித்துப் பாருங்கள். திரை உடையவில்லை, பேட்டரி வீங்கவில்லை. போனை இயக்கும் மென்பொருளான இயங்குதளம் பழையதாகிவிட்டது, வங்கிச் செயலி அதைக் கைவிட்டுவிட்டது. இயங்குதளம் மாறாமல் பாதுகாப்பு அப்டேட் மட்டும் நின்றாலும் ஆபத்துதான். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கும், அந்தப் போனில்தான் நீங்கள் பணம் அனுப்பிக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டு மாடல்களின் பெயரையும் நீங்கள் எழுதியிருந்ததால், தயாரிப்பாளர்களின் பக்கங்களில் போய்ப் பார்த்தேன். முதலாவது சந்தைக்கு வந்து 14 மாதங்கள் ஆகின்றன. அதற்கு வாக்களித்திருப்பது மூன்று ஆண்டுப் பாதுகாப்பு அப்டேட். இந்தக் கணக்கு நீங்கள் வாங்கும் நாளிலிருந்து தொடங்குவதில்லை, மாடல் வெளியான நாளிலிருந்தே ஓடுகிறது. ஆகவே உங்களுக்குக் கிடைப்பது 22 மாதங்கள். இரண்டாவது வந்து இரண்டு மாதங்களே ஆகின்றன, வாக்குறுதி ஆறு ஆண்டு. நீங்கள் கேட்கும் 48 மாதங்கள் தாராளமாகக் கிடைக்கும்.

இப்போது வகுத்துப் பாருங்கள். முதலாவதன் விலையை நூறு பங்கு என்று வைத்துக்கொண்டால், 22 மாதத்துக்கு மாதம் நாலரைப் பங்கு ஆகிறது. இரண்டாவதன் விலை நூற்றிருபது பங்கு. 48 மாதத்தால் வகுத்தால் மாதம் இரண்டரைப் பங்கு. மலிவு என்று உங்களுக்குக் காட்டப்பட்ட போன்தான் ஏறத்தாழ இருமடங்கு விலை. இந்த வகுத்தல் கணக்கை உங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் போட்டுவிடுவார்கள். நாற்பது வரி அட்டவணை போடுகிற தளங்களால் இந்த ஒரு வரியைப் போட முடியாதா? எத்தனையோ ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், எரிச்சல்தான் மிச்சம். கூகுள் 2023இல் பிக்சல் 8 வரிசைக்கும், சாம்சங் 2024இல் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கும் ஏழு ஆண்டு அப்டேட் என்று அறிவித்துவிட்டன. அதற்குப் பிறகும் பல தளங்களில் இதைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

அந்தத் தளங்கள் எதை வைத்துப் பிழைக்கின்றன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். விலைக்குப் பக்கத்தில் ‘வாங்க’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்திக் கடைக்குப் போனால், அந்த இணைப்பிலேயே தளத்தின் அடையாளக் குறி ஒட்டிக்கொண்டு போகும். நீங்கள் வாங்கினால் தளத்துக்குக் கமிஷன். அதில் சட்ட மீறல் இல்லை, நேர்மையாக நடத்துபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பட்டியலில் முதலில் நிற்கும் போன் சிறந்தது என்பதால் நிற்கிறதா, கூடுதல் கமிஷன் தருகிறது என்பதால் நிற்கிறதா என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. மதிப்பெண்ணும் அப்படித்தான். பல இடங்களில் யாரும் போனைக் கையில் எடுத்துப் பார்த்து மதிப்பெண் போடுவதில்லை. எண் பெரிதாக இருந்தால் புள்ளி ஏறும், அவ்வளவுதான். கடைக்காரர் விஷயமும் இதேதான். எந்த மாடலை விற்றால் அவருக்கு ஊக்கத்தொகை என்பது மாதத்துக்கு மாதம் மாறும், அவருடைய பரிந்துரையும் கூடவே மாறும். தளத்தில் தகவலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். கடையில் போனைக் கையில் வாங்கிப் பாருங்கள், தீர்ப்பைக் கேட்காதீர்கள்.

இனி உங்களை மயக்கிய எண்கள். முதலாவதில் 16 ஜிபி ரேம் என்று எழுதியிருக்கிறீர்கள். விளம்பரத்தின் அடியில் சின்ன எழுத்தில் ‘8+8’ என்று இருக்கும், பாருங்கள். உண்மையான ரேம் எட்டுதான். மற்ற எட்டும் சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கியது. நீங்கள் திருத்துவதற்காக மேசைமேல் பரப்பி வைத்திருக்கும் நோட்டுகள்தான் ரேம், பீரோவில் அடுக்கி வைத்திருப்பவை சேமிப்பகம். பீரோவின் ஒரு தட்டைக் காலி செய்து ‘இதுவும் மேசைதான்’ என்று எழுதி ஒட்டிவிட்டால், அங்கே வைத்து நோட்டைத் திருத்த முடியுமா? போன மாதம் ஒரு பெண் தன் போன் மந்தமாக இருக்கிறது என்று கொண்டுவந்தார். பெட்டிமேல் கொட்டை எழுத்தில் 12 ஜிபி. அமைப்புகளைத் திறந்து ‘போனைப் பற்றி’ என்ற பக்கத்தைக் காட்டினேன். 6 ஜிபி, பக்கத்தில் ஒரு கூட்டல் குறி, இன்னொரு 6 ஜிபி. அவர் வெகுநேரம் அந்தக் கூட்டல் குறியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏமாற்று என்று வழக்குப் போட வழியில்லை, ஏனென்றால் சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள்.

கேமராவில் 108 பெரிதா, 50 பெரிதா? 108 மெகாபிக்சல் சென்சார், அதாவது கேமராவுக்குள் ஒளியைப் பதிவுசெய்யும் சில்லு, வழக்கமாக ஒன்பது பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படம்தான் தருகிறது. 50 மெகாபிக்சல் நான்கைச் சேர்த்து 12.5 தருகிறது. நீங்கள் சாதாரணமாகப் பொத்தானை அழுத்தி எடுக்கும் படம் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவுதான். வேறுபாட்டை உண்டாக்குவது சென்சாரின் பரப்பும், கை நடுக்கத்தை ஈடுகட்டும் லென்ஸ் அமைப்பும். இரண்டாவது போனில் அந்த நடுக்கத் தடுப்பு இருக்கிறது, முதலாவதில் இல்லை. வெளிச்சம் குறைந்த வகுப்பறையில் கரும்பலகையைப் படமெடுக்கிறவருக்கு இது பெரிய விஷயம். முதலாவதில் ‘மூன்று கேமரா’ என்பதில் இரண்டு, 2 மெகாபிக்சல் லென்ஸ்கள். எண்ணிக்கைக்காக ஒட்டப்பட்டவை, கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

விளம்பரத்தில் காட்டும் மாதிரிப் படங்களை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். 2012இல் நோக்கியா லூமியா 920 போனின் நடுக்கத் தடுப்பைக் காட்ட வெளியிட்ட வீடியோ அந்தப் போனில் எடுக்கப்பட்டதே அல்ல என்று தெரியவந்தது, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2016இல் ஹுவாவே பி9 விளம்பரத்தில் வந்த ஒரு படம் கேனான் கேமராவில் எடுத்ததாக இருந்தது. கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் போனை எடுத்து, விளக்கு மங்கலாக இருக்கும் மூலையில் அந்தப் பெட்டியின் பொடி எழுத்தையே படமெடுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்து வாசிக்க வருகிறதா? அதுதான் பரீட்சை.

67 வாட், 45 வாட் என்பதும் உச்ச வேகம். பேட்டரி காலியாக இருக்கும்போது சில நிமிடங்கள் அந்த வேகம் இருக்கும், பிறகு தானே இறங்கிவிடும். அதுவும் பெரும்பாலும் தயாரிப்பாளருடைய சார்ஜரிலேயே சாத்தியம். ஐபோன் 12 வந்த 2020லிருந்து பெட்டியில் சார்ஜர் வைக்காத பழக்கம் பரவிவிட்டது. சார்ஜரைத் தனியாக வாங்க வேண்டுமென்றால் அதன் விலையையும் போன் விலையோடு கூட்டிக்கொண்டு ஒப்பிடுங்கள்.

இதைவிடப் பெரிய பொறி பெயரில் இருக்கிறது. ஒரே பெயரில் 4ஜி, 5ஜி என இரண்டு போன்கள் உண்டு. ஒரே பெயரில் நாட்டுக்கு நாடு வெவ்வேறு பிராசஸர் (போனின் மூளையான சில்லு) வைத்து வந்த போன்களும் உண்டு, சாம்சங் கேலக்ஸி எஸ் வரிசையே இதற்குச் சாட்சி. ஹுவாவே பி10 போனில் 2017இல் ஒன்றில் வேகமான யுஎஃப்எஸ் சேமிப்பகமும், அதே பெயரில் இன்னொன்றில் மெதுவான இஎம்எம்சி சேமிப்பகமும் இருந்தது வெளியே வந்து வாங்கியவர்கள் கொதித்தார்கள். ஆகவே பெயரை ஒப்பிடாதீர்கள். பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் வெள்ளைச் சீட்டில் எழுத்தும் எண்ணும் கலந்த மாடல் எண் இருக்கும். அந்த எண்ணை அப்படியே, கடைசி எழுத்துவரை, தேடிப் பாருங்கள். கடைசி எழுத்து ஒன்று மாறினாலும் அது வேறு போனாக இருக்கலாம். நீங்கள் கண்ட ‘அதிரடி விலை’ இணைப்புகளில் இரண்டு வேறு நாட்டுக்காகத் தயாரித்த மாடல்களுக்கு இட்டுச் செல்கின்றன. அவற்றுக்கு உங்கள் ஊரில் உத்தரவாதம் செல்லாமல் போகலாம், சில அலைவரிசைகளில் சிக்னலே கிடைக்காமல் போகலாம். தொடாதீர்கள்.

எல்லோரும் கேட்கும் ஒரு விதிவிலக்கைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ‘புதிதாக வந்த நடுத்தர போனுக்குப் பதில், இரண்டு ஆண்டுக்கு முந்தைய உயர்நிலை போனை அதே விலைக்கு வாங்கினால் என்ன?’ என்பார்கள். பழைய மாடல் வேண்டாம் என்று நான் மேலே சொன்ன கணக்கு இங்கே தலைகீழாகக்கூடும். ஏழு ஆண்டு வாக்குறுதியோடு வந்த போன் இரண்டு ஆண்டு கழித்தும் ஐந்து ஆண்டு கையிருப்பு வைத்திருக்கும். நடுத்தர போன்கள் பலவற்றுக்குப் புதிதாக வாங்கும்போதே அவ்வளவு இல்லை. கேமராவும் பிராசஸரும் அதில் பெரும்பாலும் மேலாக இருக்கும். ஆனால் மூன்று நிபந்தனைகள். முதலில், மேலே செய்ததுபோல மீதி மாதங்களால் விலையை வகுத்துப் பாருங்கள், ஏனென்றால் எல்லா உயர்நிலை போனுக்கும் ஏழு ஆண்டு கிடையாது. அடுத்து, சீல் உடைக்காத புதுப் பெட்டியா, யாரோ திருப்பிக் கொடுத்ததைத் துடைத்துப் புதுப்பித்ததா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘புதுப்பித்தது’ என்ற சொல் பல தளங்களில் விலைக்குக் கீழே பழுப்பு நிறத்தில் ஒளிந்திருக்கும். கடைசியாக பேட்டரி. லித்தியம் பேட்டரி பெட்டிக்குள் சும்மா இருந்தாலும் மூப்படையும். பெட்டியில் தயாரிப்புத் தேதி அச்சிட்டிருந்தால் பாருங்கள். இரண்டு ஆண்டு கிடங்கில் கிடந்த போன் என்றால், பேட்டரி மாற்ற ஆகும் செலவையும் இன்றைய விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். இந்த மூன்றும் ஒத்துவந்தால் நானே அதைத்தான் வாங்கச் சொல்வேன். உங்கள் பட்டியலில் அப்படி ஒன்று இல்லாததால் இரண்டாவது போன் என்கிறேன்.

பேட்டரி என்றதும் இன்னொன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் புதிய மாடல்களுக்கு ஒரு சீட்டு கட்டாயம். ஒரு முறை சார்ஜ் செய்தால் எத்தனை மணி நேரம் நிற்கும், எத்தனை முறை சார்ஜ் செய்யும்வரை பேட்டரி 80 சதவீதத் திறனுக்குக் குறையாமல் இருக்கும், கீழே விழுந்தால் எவ்வளவு தாங்கும், பழுதுபார்ப்பது எளிதா என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கிறது. வாங்குபவருக்குத் தேவையான தகவல் என்றால் இதுதான். உங்கள் மாடல் அங்கும் விற்கப்பட்டால், எங்கிருந்தும் அந்தப் பொதுத் தரவுத்தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஈபிரெல் என்று பெயர். சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்தினால்தான் நிறுவனங்கள் இதைச் சொல்கின்றன என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

தள்ளுபடிக்குக் காத்திருக்கலாமா என்று கேட்டீர்கள். உங்கள் வங்கிச் செயலி ஏற்கெனவே நின்றுவிட்டது, அதனால் இரண்டு வாரத்துக்குள் வரும் தள்ளுபடி என்றால் மட்டும் காத்திருங்கள். இன்றிலிருந்தே தினமும் ஒரே மாடல் எண்ணுக்கு, ஒரே ரேம், ஒரே சேமிப்பகத்துக்கு, கடைசிக் கட்டணப் பக்கத்தில் வரும் தொகையை ஒரு தாளில் குறித்து வையுங்கள். கோடு போட்டு அடித்துக் காட்டும் ‘பழைய விலை’யைப் பொருட்படுத்தாதீர்கள், அந்த விலைக்கு அது என்றாவது விற்றதா என்பதே சந்தேகம். பழைய போனைக் கொடுத்தால் கூடுதல் கழிவு என்பதையும் நம்பிக் கணக்குப் போடாதீர்கள். வீட்டுக்கு வருபவர் உங்கள் போனில் ஒரு கீறலைக் காட்டி அதைக் குறைத்துவிடுவார். ‘வட்டியில்லாத் தவணை’ என்றால், மொத்தமாகக் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்கும் உண்டா என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது. அந்த வித்தியாசம்தான் வட்டி.

போன் கைக்கு வந்த அன்று செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பெரியவர் ஒருவர் ஏழு மாதமே பயன்படுத்திய போனைத் திரைக் கோளாறு என்று என்னிடம் கொண்டுவந்தார். ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக இருக்கும் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டுப் பார்த்தால், ஓராண்டு உத்தரவாதம் அதற்கு முந்தைய மாதமே முடிந்துவிட்டிருந்தது. விற்றவர் தன் விற்பனை இலக்கைக் காட்டுவதற்காக, பெரியவர் வாங்குவதற்கு ஆறு மாதம் முன்பே பெட்டியைத் திறந்து போனை இயக்கிவிட்டு மறுபடி ஒட்டியிருக்கிறார். பில் இருந்தால் வாதாடியிருக்கலாம். பெரியவர் கையில் இருந்தது ஒரு துண்டுச் சீட்டு. நீங்கள் சீல் உடைப்பதை வீடியோ எடுங்கள். *#06# என்று அழுத்தினால் திரையில் வரும் 15 இலக்க எண், பெட்டியிலும் பில்லிலும் இருப்பதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பிறகு அதே எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு உத்தரவாதம் எந்த நாளில் தொடங்குகிறது என்று பாருங்கள். நீங்கள் வாங்குவதற்கு முந்தைய தேதி எதுவும் அங்கே இருந்தால், சிம்மைப் போடாமல் அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். மறுநாள் போனால், பயன்படுத்திவிட்டீர்கள் என்று சொல்லிவிடுவார்கள்.