'48 வோல்ட்' பேட்டரி டிரில் வாங்கலாமா?

காட்பாடி பக்கம் வயரிங், பிளம்பிங் இரண்டையும் எடுத்துச் செய்யும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "இரண்டு பையன்களை வைத்து வேலை பார்க்கிறேன். புது வீட்டில் ஈபி லைன் வருவதற்கு முன்னாலேயே கூப்பிட்டுவிடுகிறார்கள். பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்து மாளவில்லை. பஜாரில் 48 வோல்ட் பேட்டரி டிரில், கிரைண்டர், இரண்டு பேட்டரி எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துக்குத் தருகிறார்கள். பெரிய கம்பெனியில் 18 வோல்ட் டிரில் ஒன்றுக்கே அதைவிட அதிகம் சொல்கிறார்கள். வோல்ட் கூட இருந்தால் நல்லதுதானே? பழைய ஒயர் மெஷின்களை விற்றுவிட்டு இதற்கு மாறிவிடலாமா?"

முதலில், அந்த 48 வோல்ட் பெரும்பாலும் 48 வோல்ட்டே இல்லை. கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். டிரில்லை விடுங்கள், கூட வரும் சார்ஜரைத் திருப்பி அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். அவுட்புட் என்ற இடத்தில் 21 வோல்ட் என்று போட்டிருக்கும். லித்தியம் செல் ஒன்று முழு சார்ஜில் 4.2 வோல்ட், ஐந்தை வரிசையாகக் கோத்தால் 21. அதே செல்லின் சராசரி 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. ஒரு கம்பெனி 18 என்றும், இன்னொன்று '20 மேக்ஸ்' என்றும், வேறொன்று 21 என்றும் எழுதினாலும் உள்ளே இருப்பது அதே ஐந்து செல் வரிசைதான். நிஜமான 48 வோல்ட்டுக்கு வரிசையில் 13 செல்லாவது வேண்டும். 48, 88, 128 என்று ஸ்டிக்கரில் ஏறிக்கொண்டே போகும் எண்ணுக்குப் பின்னால் 'விஎஃப்' என்று இருக்கும். அப்படி ஓர் அளவே மின்சாரத்தில் கிடையாது.

பேட்டரி எவ்வளவு மின்சாரம் தேக்கும் என்று சொல்லும் ஆம்பியர் ஹவர் கணக்கிலும் இதே விளையாட்டு நடக்கிறது. அதற்குத் தராசு போதும். வழக்கமான 18650 அளவு செல் ஒன்று சுமார் 45 கிராம் எடை இருக்கும். 4 ஆம்பியர் ஹவர் பேட்டரிக்கு அதில் பத்து போட வேண்டும், மேல் கூடு வேறு. கொஞ்சம் பருத்த 21700 செல் என்றால் ஐந்தே போதும், ஆனால் அது ஒவ்வொன்றும் 70 கிராம் வரும். எப்படிப் பார்த்தாலும் 4 ஆம்பியர் ஹவர் என்று விற்கும் பேட்டரி அரைக் கிலோவை நெருங்காவிட்டால் உள்ளே ஆள் குறைகிறது என்று அர்த்தம். பக்கத்து மளிகைக் கடையில் வைத்துப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள்.

அடுத்தது, உங்கள் தொழிலில் பேட்டரி எங்கே கை கொடுக்கும் என்பது. தளத்தில் ஃபேன், லைட்டுக்கு ஓட்டை, பீமில் கிளாம்பு, சாரத்தின் மேல் நின்று பைப்புக்குப் பிளக், இங்கெல்லாம் ஒயர் இல்லாதது பெரிய விடுதலை. ஆனால் அதற்கு 'இம்பாக்ட் டிரில்' வாங்கிவிடாதீர்கள். அதில் இரண்டு பல்சக்கரம் ஒன்றின்மேல் ஒன்று உரசித் தட்டுகிறது, அவ்வளவுதான். செங்கல் சுவருக்குத் தாராளம். கான்கிரீட்டுக்கு நீங்கள்தான் உடம்பால் அழுத்த வேண்டும். 'எஸ்டிஎஸ் பிளஸ்' சக் (பிட்டைச் செருகினாலே பூட்டிக்கொள்ளும் வாய்) வைத்த ரோட்டரி ஹேமரில் பிஸ்டன் காற்றை அமுக்கி, அந்தக் காற்று அடியைக் கொடுக்கிறது. கையால் லேசாக அழுத்தினால் போதும். 6, 8, 10 மில்லி ஓட்டைகளுக்கு 2 ஜூல் அளவு அடி உள்ள சின்ன ஹேமர் போதும்.

இந்த ஹேமரில் கவனிக்க வேண்டியது ஒன்று. தளத்தில் போட்டுக்கொண்டிருக்கும்போது சத்தம் திடீரென்று மாறி, பிட் இறங்காமல் துள்ளினால், கம்பியில் இடித்திருக்கிறது. பேட்டரி மெஷின்தானே, இன்னும் கொஞ்சம் அமுக்குவோம் என்று பையன்கள் நிற்பார்கள். பிட்டின் கார்பைடு முனை அங்கேதான் உடையும், கம்பியும் காயப்படும். ஓர் அங்குலம் தள்ளிப் போடச் சொல்லுங்கள். தலைக்கு மேல் ஓட்டை போடும்போது பிட்டில் ஒரு ரப்பர் கிண்ணமோ, பாதியாக நறுக்கிய பிளாஸ்டிக் பந்தோ செருகிக்கொள்ளுங்கள். சிமெண்டுத் தூள் சக்குக்குள் இறங்குவதுதான் ஹேமரின் ஆயுளைப் பாதியாக்குகிறது. பிட்டின் அடித்தண்டில் கடுகளவு கிரீஸ் தடவிச் செருகுவதும் நல்லது.

பைப் பதிக்கச் சுவரில் காடி வெட்டும் வேலைக்குப் பேட்டரி பக்கம் போகவே வேண்டாம். கணக்கு எளிது. 18 வோல்ட், 4 ஆம்பியர் ஹவர் என்றால் 72 வாட் ஹவர். நான்கு அங்குல கிரைண்டர் முழு லோடில் 700 வாட் இழுத்தால் ஆறு நிமிடத்தில் பேட்டரி காலி. ஒரு ஹாலுக்குக் காடி எடுப்பதற்குள் பையில் இருக்கும் பேட்டரி அத்தனையும் தீர்ந்துவிடும். ஆகவே ஒயர் மார்பிள் கட்டரை விற்காதீர்கள், பழைய ஒயர் டிரில்லும் இருக்கட்டும். காடி வெட்டும் நாளுக்கு மட்டும் லைன் இழுங்கள். (அந்தத் தூளுக்குக் கர்ச்சீப் கட்டினால் போதாது. சிலிக்கா தூள் நுரையீரலில் தங்கிவிடும். என்-95 மாஸ்க் போடச் சொல்லுங்கள்.)

ஸ்விட்ச் பாக்ஸ், கிளாம்பு, ஃபால்ஸ் சீலிங் ஸ்க்ரூ மாதிரி வேலைக்கு ஒரு 12 வோல்ட் டிரைவர் (ஸ்க்ரூ முடுக்கும் மெஷின்) தாராளம். ஆனால் அதே கம்பெனியானாலும் 12 வோல்ட் பேட்டரி 18 வோல்ட் மெஷினில் ஏறாது. அதனால் என் யோசனை, ஹேமர், டிரைவர் இரண்டையுமே ஒரே கம்பெனியில் 18 வோல்ட்டாக எடுங்கள். முதலில் ஹேமரை இரண்டு பேட்டரி, சார்ஜரோடு வாங்கிவிட்டால், டிரைவரைப் பிறகு வெறும் மெஷினாக வாங்கிக்கொள்ளலாம், செலவு நன்றாகக் குறையும். இதிலும் கண்ணி உண்டு. போஷில் நீல நிறம் தொழில்காரர்களுக்கு, பச்சை வீட்டு உபயோகத்துக்கு. ஒன்றின் பேட்டரி மற்றதில் நிற்காது. மகிட்டாவில் எல்எக்ஸ்டி வரிசையும் 18 வோல்ட், விலை குறைந்த ஜி வரிசையும் 18 வோல்ட். ஜி வரிசை பேட்டரி எல்எக்ஸ்டி மெஷினில் ஏறாது. சலுகை விலை என்று அதை எடுத்துவிட்டு, அடுத்த மெஷின் வாங்கும்போது முழிக்க வேண்டியிருக்கும்.

பிரஷ்லெஸ், அதாவது கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார், தேவையா என்றால், ஹேமருக்குத் தேவை. ஒரே சார்ஜில் கூடுதல் ஓட்டை கிடைக்கும், சூடும் குறைவு. டிரைவருக்குக் கார்பன் உள்ளதே போதும். கார்பன் தேய்ந்தால் சில்லறைக் காசில் மாற்றிக்கொள்ளலாம். பிரஷ்லெஸ்ஸில் போர்டு போனால் செலவு பெரிது.

இனி நம் ஊர் வெயில். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சூட்டில் சார்ஜ் போட்டால் ஆயுள் போகும். அக்னி நட்சத்திரத்தில் பைக் பெட்டிக்குள் இருக்கும் பேட்டரி இதைத் தாண்டித்தான் இருக்கும். நல்ல சார்ஜர் சூடான பேட்டரியை ஏற்காமல் லைட்டை மினுக்கிக்கொண்டு காத்திருக்கும். ரிப்பேர் என்று நினைத்துத் தட்டாதீர்கள். நிழலில் ஆற விடுங்கள், தண்ணீரில் நனைக்க வேண்டாம். மலிவு சார்ஜருக்கு இந்த விவேகம் பெரும்பாலும் இருக்காது, சூட்டோடு ஏற்றிவிடும். சைட்டில் ஜெனரேட்டர் இருக்கிறதே என்று அதில் சொருகுவதும் ஆபத்து. மகிட்டா சார்ஜர் கையேட்டிலேயே எஞ்சின் ஜெனரேட்டர் கூடாது என்று போட்டிருக்கிறது. இரவு வீட்டில் ஏற்றிக்கொண்டு வருவதே சரி. பொங்கலுக்கு வேலை நின்றால் பாதி சார்ஜில் வையுங்கள், காலியாக வைக்க வேண்டாம்.

காசு கொடுப்பதற்கு முன் கடைக்காரரிடம் தனிப் பேட்டரி என்ன விலை, இப்போது ஸ்டாக்கில் இருக்கிறதா என்று கேளுங்கள். மெஷினுக்கு முன்னால் தீர்வது பேட்டரிதான். தனியாகக் கிடைக்காத பேட்டரியோடு வரும் செட், அது தீர்ந்த அன்று பழைய இரும்பு. ரிப்பேர் வேலூரிலேயே ஆகுமா, சென்னைக்கு அனுப்புவார்களா, எத்தனை நாள் என்றும் கேட்டுவிடுங்கள். சீரியல் நம்பர் எழுதிய ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். ஆன்லைனில் பதிவு செய்தால் சில கம்பெனிகள் வாரண்டியை நீட்டித் தருகின்றன, அதற்குக் கெடு உண்டு. வாங்கிய அன்றே பையனிடம் போனைக் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.