கடன் தருகிறேன் என்பவர் முதலில் காசு கேட்டால்

கேள்வி: திங்கள்நகர் பக்கத்தில் இருக்கிறோம். கணவர் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறார், மழை பிடித்துவிட்டால் வேலை இல்லை. மகள் நர்சிங் இரண்டாம் வருடம், 1,20,000 ரூபாய் கட்டணம் கட்ட வேண்டும். ஃபேஸ்புக் விளம்பரம் பார்த்து நம்பர் கொடுத்தேன். அன்றைக்கே வாட்ஸ்அப்பில் வந்து, 3 லட்சம் கடன், வருடத்துக்கு 2 சதவீத வட்டி, ஜாமீன் வேண்டாம் என்றார்கள். ஃபைல் சார்ஜ் என்று 2,500 ரூபாயும், இன்சூரன்ஸ் என்று 7,800 ரூபாயும் ஜீபேயில் அனுப்பினேன். ரிசர்வ் வங்கி முத்திரையோடு சாங்ஷன் லெட்டரும் வந்தது. இப்போது ஜிஎஸ்டி 14,500 கட்டினால் ஒரு மணி நேரத்தில் பணம் ஏறிவிடும் என்கிறார்கள். கட்டலாமா? ஆதார், பான், பாஸ்புக், கையெழுத்துப் போட்ட செக் லீஃப் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டேன். வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது.

பதில்: கட்டாதீர்கள். ஒரு ரூபாய்கூட இனி போகக் கூடாது. 14,500 கட்டினால் அடுத்து ‘என்ஓசி’ என்று ஒன்று வரும், அதற்கப்புறம் ‘ஆர்டிஜிஎஸ் ஹோல்ட்’ என்று ஒன்று வரும், உங்கள் கையில் காசு இருக்கிறவரை பெயர் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். கடன் மட்டும் வராது.

இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே 1930 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். சைபர் குற்றங்களுக்கான எண் அது, நாடு முழுக்க ஒரே எண்தான். ஜீபேயில் ஒவ்வொரு பணப்பரிமாற்றத்துக்கும் 12 இலக்க யுபிஐ எண் ஒன்று இருக்கும், இரண்டு தடவை அனுப்பியதற்கும் அதை எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். அவர்கள் அதைப் பதிந்ததும் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகும், அந்தக் கணக்கில் மிச்சம் இருந்தால் முடக்கி வைப்பார்கள். மோசடிக்காரர் வந்த பணத்தை விறுவிறுவென்று வேறு கணக்குகளுக்குத் தள்ளிவிடுவார், அதனால் மணிக்கணக்கு முக்கியம். நாள் கடந்திருந்தாலும் புகார் கொடுங்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் இணையதளத்திலும் பதியலாம், நாகர்கோவிலில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரிலும் போகலாம். வாட்ஸ்அப் உரையாடலை கோபத்தில் அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. 10,300 ரூபாயும் திரும்பி வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் புகார் இல்லாமல் வரவே வராது.

சரி, இது போலி என்று எனக்கு எப்படித் தெரியும்? உங்கள் கடிதத்தில் இருக்கிற கணக்கே போதும்.

முதலில் ஜிஎஸ்டி. கடன் தொகைக்கு ஜிஎஸ்டி கிடையாது, கடன் வட்டிக்கும் கிடையாது. பிராசஸிங் கட்டணத்துக்குத்தான் உண்டு, அது 18 சதவீதம். உங்களிடம் வாங்கிய ஃபைல் சார்ஜ் 2,500 என்றால் அதற்கு ஜிஎஸ்டி 450 ரூபாய். 14,500 ரூபாய் வரி வர வேண்டுமென்றால் கட்டணமே 80,000 ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும்! 3 லட்சம் கடனுக்கு யார் அப்படி வாங்குகிறார்கள்?

அடுத்து வட்டி. நம் ஊரில் ‘மூணு வட்டி’ என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், அதாவது வருடத்துக்கு 36 சதவீதம். அதைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காதுக்கு ‘ரெண்டு பர்சன்ட்’ என்றதும் கொஞ்சம் குறைவு என்றுதான் தோன்றும், ஆனால் அவர் சொன்னது வருடத்துக்கு. ஃபிக்சட் டெபாசிட் போடுகிறவருக்கே வங்கி அதைவிடக் கூடுதலாக வட்டி கொடுக்கிறது, அந்தப் பணத்தைத்தான் எடுத்து நமக்குக் கடனாகத் தருகிறது. ஜாமீனும் இல்லாமல் முகமும் பார்க்காமல் 2 சதவீதத்துக்குக் கொடுத்தால் ஆறே மாதத்தில் ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான்.

ரிசர்வ் வங்கி முத்திரை விஷயம் இன்னும் சுலபம். ரிசர்வ் வங்கி தனியாட்களுக்குக் கடன் கொடுப்பதும் இல்லை, தனியாளின் கடனுக்கு அனுமதிக் கடிதம் கொடுப்பதும் இல்லை. அந்த முத்திரை எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவு பொய். முத்ரா கடன் பெயரிலும் இதேபோல் கடிதங்கள் சுற்றுகின்றன. முத்ரா நிறுவனம் நேரடியாக யாருக்கும் கடன் கொடுப்பதில்லை, வங்கியோ நிதி நிறுவனமோதான் கொடுக்கும், இதற்கென்று முகவர்களும் கிடையாது.

அந்த ஜீபே ரசீதுகளை எடுத்துப் பாருங்கள். பணம் போனது ஒரு கம்பெனி பெயருக்கா, ஒரு ஆளின் பெயருக்கா? அனேகமாக ஆளின் பெயராகத்தான் இருக்கும்.

நான் வங்கியில் கடன் மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன். கடன் கொடுக்கிறவருக்கு இருக்கிற ஒரே பயம், இந்தப் பணம் திரும்பி வருமா என்பது. அந்தப் பயத்தில்தான் அவர் உங்களைப் பாடாய்ப்படுத்துவார், வருமானம் என்ன, வேறு கடன் இருக்கிறதா, பழைய கடனை ஒழுங்காகக் கட்டியிருக்கிறீர்களா என்று காட்டும் சிபில் ஸ்கோர் எவ்வளவு, யார் கூடக் கையெழுத்துப் போடுவது என்று துருவுவார், வீட்டைப் பார்க்க ஆள் அனுப்புவார். கூட்டுறவு சங்கத்தில் நகையை வைக்கப் போனால்கூட உரசிப் பார்க்காமல் விடுவார்களா? உங்களிடம் பேசியவருக்கு அந்தப் பயமே இல்லை, எதைச் சொன்னாலும் ‘ஓகே மேடம், அப்ரூவ்டு’ என்றுதான் சொல்லியிருப்பார். கொடுக்கப் போகிறவர் என்றால் அல்லவா பயப்பட வேண்டும்.

இதில் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். முன்கூட்டிக் கட்டணம் கேட்டாலே மோசடி என்று எல்லோரும் எழுதுகிறார்கள், அது முழுக்கச் சரியில்லை. வீட்டுக்கடனுக்குப் போனால் விண்ணப்பக் கட்டணம், வக்கீல் கருத்து, சொத்து மதிப்பீடு என்று உண்மையான வங்கியும் முதலில் வாங்கும். ஆனால் அது கிளையின் மேசையில் வைத்து, வங்கியின் கணக்குக்கு, ரசீதோடு நடக்கும். ஜாமீன் இல்லாத சின்னக் கடனுக்குப் பிராசஸிங் கட்டணத்தைக் கடன் தொகையில் கழித்துக்கொண்டு மீதியைக் கணக்கில் போடுவதுதான் வழக்கம். உங்களிடம் இன்னொருவர் வந்தால் இந்த ஒரு வரியைச் சொல்லிப் பாருங்கள்: “கட்டணத்தைக் கடன்லயே பிடிச்சுக்குங்க.” உண்மையானவர் சரி என்பார். போலி உடனே ‘சிஸ்டம் அலவ் பண்ணாது மேடம்’ என்பார்.

கம்பெனி உண்மையா என்று பார்க்க, ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் பதிவு பெற்ற நிதி நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது, கடன் செயலிகளுக்கும் தனியாக ஒரு பட்டியல் இருக்கிறது. ஆனால் பட்டியலில் பெயர் இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது, ஏனென்றால் நல்ல கம்பெனியின் பெயரையும் லோகோவையும் அப்படியே திருடித்தான் இவர்கள் லெட்டர் அடிக்கிறார்கள். லெட்டரில் இருக்கும் எண்ணுக்குப் போன் போட்டால் அவரேதான் எடுப்பார். கம்பெனியின் சொந்த இணையதளத்தில் இருக்கிற எண்ணைத் தேடி எடுத்து, இப்படி ஒரு கடன் என் பெயரில் இருக்கிறதா என்று கேளுங்கள். வங்கி என்றால் அதன் முகவரி இப்போது ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும். வாடிக்கையாளர் சேவைக்கு வங்கிகள் கூப்பிட 1600 என்று தொடங்கும் எண்களை ஒதுக்கியிருக்கிறார்கள், சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து ‘ஹெட் ஆபீஸ்’ பேசினால் அங்கேயே சந்தேகப்படலாம். இன்னொன்று, 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடன் எதுவானாலும் வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு மொத்தம் எத்தனை சதவீதம் ஆகிறது என்று போட்ட விவரத்தாளை, உங்களுக்குப் புரியும் மொழியில், கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும். அதைக் கேளுங்கள்.

போனில் மட்டும்தான் இது நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். நேரில் வருகிற வகையும் உண்டு. சாலைச் சந்திப்பில் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து, நாலு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு போர்டும் போட்டு, பத்துப் பத்துப் பெண்களாகக் குழு சேர்க்கச் சொல்வார்கள். ஆளுக்கு 50,000 கடன், இன்சூரன்ஸுக்கு 1,500 என்று வசூலாகும், திங்கட்கிழமை பணம் என்பார்கள், திங்கட்கிழமை போனால் பூட்டு தொங்கும். இதில் கொடுமை, குழு சேர்த்துவிட்ட அக்காவும் தன் காசைத் தொலைத்தவராகவே இருப்பார், ஆனால் தெருவில் திட்டு முழுக்க அவருக்குத்தான். அப்படி யாராவது கூட்டம் போட்டால் பதிவுச் சான்றைக் கேளுங்கள், ஊரில் அவர்களிடம் ஏற்கெனவே கடன் வாங்கி மூன்று தவணை கட்டிய ஒருவரைக் காட்டச் சொல்லுங்கள்.

இனி நீங்கள் கொடுத்த ஆவணங்கள். பயந்து நடுங்க வேண்டாம், ஆனால் நாலு வேலை இருக்கிறது. வங்கிக்குப் போய் விவரத்தைச் சொல்லி, அந்தச் செக் லீஃபின் எண்ணுக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்று ஸ்டாப் பேமென்ட் எழுதிக் கொடுங்கள். உங்கள் கணக்கில் தானாகப் பணம் பிடிக்க ஏதாவது மேண்டேட் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆதார் செயலியில் கைரேகை, கண் பதிவைப் பூட்டி வைக்கலாம், மகள் இரண்டு நிமிடத்தில் செய்துவிடுவாள். ஒன்றிரண்டு மாதம் கழித்து உங்கள் சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், வருடத்துக்கு ஒரு முறை இலவசம். அதில் நீங்கள் வாங்காத கடன் இருந்தால் உடனே எழுத்தில் மறுக்க வேண்டும். அவர்கள் அனுப்பிய செயலி எதையாவது போனில் ஏற்றியிருந்தால் எடுத்துவிடுங்கள், அதற்கு முன் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல்தான் மிரட்டல் வரும். ‘லோன் சாங்ஷன் ஆயிட்டு, கேன்சல் பண்ணினா கேஸ் போடுவோம்’ என்பார்கள். வாங்காத கடனுக்கு ஒரு கேஸும் கிடையாது. கட்டின பணத்தையாவது திருப்பித் தருகிறோம், ரீஃபண்டுக்கு 2,000 கட்டுங்கள் என்று வேறொரு குரல் வரும், வக்கீல் என்றோ சைபர் போலீஸ் என்றோ சொல்லும், அதுவும் அதே கூட்டம்தான். உங்கள் கணக்கில் கொஞ்சம் பணம் போடுகிறோம், அதை இன்னொருவருக்கு அனுப்பிவிடுங்கள் என்று கேட்டால் மட்டும் மறந்தும் செய்யாதீர்கள். அது வேறு யாரிடமோ ஏமாற்றிய பணமாக இருக்கும், போலீஸ் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

வீட்டுக்காரரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கடன் என்றால் நாம் வெளியே மூச்சுவிட மாட்டோம், அதுதான் இவர்களுக்கு முதலீடு. என் சொந்த மச்சினரே இப்படி 18,000 ரூபாய் அனுப்பிவிட்டு, மூன்று மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் என் காதில் வந்து சொன்னார். இவ்வளவு வருடம் கடன் மேசையில் இருந்தவன் பக்கத்துத் தெருவில் இருக்கிறேன்! கேட்கக் கூச்சமாக இருந்ததாம்.

கடைசியாக அந்த 1,20,000. உங்கள் தேவைக்குச் சரியான கடன் கல்விக்கடன்தான். 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்பதில்லை, பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டால் போதும், படிப்பின் நடுவிலும் மீதி வருடங்களுக்குக் கேட்கலாம். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், இல்லையென்றால் உங்கள் கணக்கு இருக்கிற வங்கிக் கிளைக்கே போங்கள். கிளையில் தட்டிக்கழித்தால், மாவட்டத்துக்கு ஒரு முன்னோடி வங்கி மேலாளர் இருக்கிறார், அவரிடம் மனு கொடுங்கள். அது கிடைப்பதற்குள் கட்டணத் தேதி வந்துவிடும் என்றால், வீட்டில் நகை இருந்தால் கூட்டுறவு சங்கத்தில் வைத்துக் கட்டிவிட்டு, பிறகு மீட்டுக்கொள்ளலாம். செக்கை நிறுத்த வங்கிக்குப் போகிற அன்றைக்கே, மகளின் மதிப்பெண் பட்டியலையும், மீதி வருடங்களுக்கு எவ்வளவு கட்டணம் என்று கல்லூரி எழுதிக் கொடுக்கிற கடிதத்தையும் கையோடு எடுத்துப் போங்கள், ஒரே அலைச்சலாகப் போய்விடும்.