எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னால் என்ன செய்வது?

கேள்வி: மகளிர் சுயஉதவிக் குழுக்களை வைத்து நாப்கின் தயாரிக்கும் சமூகத் தொழில்முனைவு ஒன்றைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நிறுவனரையும் பத்துப் பெண்களையும் பேட்டி எடுத்துவிட்டேன். எல்லோரும் "வாழ்க்கையே மாறிடுச்சு" என்கிறார்கள். தரவில் ஆழமில்லை என்கிறார் நெறியாளர். இன்னும் எத்தனை பேட்டி தேவை?

பதில்: எண்ணிக்கையைக் கூட்டினால் இது தீராது. அந்தப் பத்துப் பேரை உங்களிடம் அழைத்து வந்தது யார்? நிறுவனமோ குழுவின் ஊக்குநரோ என்றால், இன்னும் முப்பது பேரைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும். நன்கொடையாளர், அதிகாரி, பத்திரிகையாளர் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பழகிய பதில் அது. பொய்யென்று தள்ளவும் வேண்டாம், அதோடு நிற்கவும் வேண்டாம்.

12 பேட்டி போதும், அதற்கு மேல் புதிய கருத்து அதிகம் வராது என்று பலரும் சொல்வார்கள். கானா, நைஜீரியா பெண்கள் 60 பேரின் பேட்டிகளை வைத்து கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2006-ல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த கணக்கு அது. ஒரே மாதிரிப் பின்னணி உள்ளவர்களுக்குத்தான் அது பொருந்தும். உங்கள் களத்தில் இயந்திரத்தில் வேலை செய்பவர், விற்பவர், குழுவை விட்டு விலகியவர், சேர நினைத்தும் சேராதவர் என்று பல தரப்புகள் இருக்கின்றன. தரப்புக்கு ஆறேழு பேரைப் பாருங்கள். விலகியவர்களிடமிருந்து தொடங்குங்கள். குழுவின் அனுமதியோடு பழைய வருகைப் பதிவேட்டைப் பார்த்தால், இன்றைய பட்டியலில் இல்லாத பெயர்கள் கிடைக்கும்.

கேள்வியையும் மாற்றுங்கள். "வாழ்க்கை எப்படி மாறியது?" என்று கேட்டால், மாறியது என்பதை நீங்களே சொல்லிக் கொடுத்ததாகிவிடும். கடைசியாகக் கைக்கு வந்த பணம் எவ்வளவு, அதை யாரிடம் கொடுத்தார், முதல் செலவு எது, அதை யார் முடிவு செய்தார் என்று காசின் பின்னாலேயே போங்கள். வங்கதேசத்தில் பெண்கள் பெயரில் வாங்கிய கடன்களை கோட்ஸ், சென் குப்தா என்ற இரு ஆய்வாளர்கள் இப்படித் துருவினார்கள். பல கடன்கள் வீட்டு ஆண்களின் கட்டுப்பாட்டில் இருந்ததை அவர்களின் 1996 ஆய்வு காட்டியது.

அடுத்து, பார்வையாளர் வராத நாட்களாகப் பார்த்து இரண்டு முழு நாள் நாப்கின் தயாரிக்கும் கூடத்திலேயே இருங்கள். மரக்கூழை அரைப்பது, அச்சில் அழுத்துவது, உறையிட்டு ஒட்டுவது, புற ஊதா ஒளியில் கிருமி நீக்குவது என ஒவ்வொரு கட்டத்திலும் யார் நிற்கிறார்? கரன்ட் போனால் அந்த நேரத்துக்குக் கூலி உண்டா? விற்காத பெட்டிகள் எத்தனை? அன்றிரவே எழுதிவிடுங்கள், பார்த்தது ஒரு பக்கம், தோன்றியது ஒரு பக்கம்.

பிறகு ரொக்கப் புத்தகத்தோடு பேட்டியை ஒப்பிடுங்கள். மாதாமாதம் வருமானம் என்கிறார் ஒருவர், புத்தகத்தில் இரண்டு மாதம் வரவே இல்லை என்றால், ஒன்றை நம்பி மற்றதை ஒதுக்காதீர்கள். "அந்த ரெண்டு மாசம் என்ன நடந்துச்சுக்கா?" என்று அவரிடமே போய்க் கேளுங்கள். நெறியாளர் கேட்கும் ஆழம் பெரும்பாலும் இந்த இரண்டாம் பேட்டியில்தான் கிடைக்கும். நிறுவன அலுவலகத்திலோ மாமியார் பக்கத்தில் இருக்கும்போதோ இதை எடுக்காதீர்கள்.

ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். தமிழிலேயே எழுதி, தமிழிலேயே குறியீடு இடுங்கள், அதாவது ஒவ்வொரு பகுதியும் எதைப் பற்றியது என்று சிறு பெயர் கொடுங்கள். மேற்கோள் காட்டும் பகுதியை மட்டும் மொழிபெயர்த்தால் போதும். பெயரை மட்டும் மாற்றினால் சின்ன ஊரில் ஆளை மறைக்க முடியாது. விலகிய காரணம், பிள்ளைகள் எண்ணிக்கை, தெரு ஆகியவற்றில் எதை வெளியிடலாம் என்று அவரவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். நிறுவனரை மறுபடி சந்திப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்; யார் சொன்னது என்று தெரியாதபடி கேள்விகளைப் பொதுவாக்கிக்கொண்டு போங்கள்.