தம்பிக்கு வைன், சித்திக்குப் பாட்டு: எது இடறல்?

கேள்வி: அடுத்த மாதம் மகனுக்குக் கல்யாணம். வரவேற்பில் கேக் வெட்டியதும் ஆளுக்கு ஒரு சின்ன கிளாஸ் வைன் கொடுப்பது எங்கள் குடும்ப வழக்கம். என் தம்பி குடியை விட்டு 14 மாதம் ஆகிறது. "சித்தப்பா ஒருத்தருக்காக எல்லாத்தையும் நிறுத்துவதா? கானாவூர் கல்யாணத்தில் இயேசுவே திராட்சரசம் கொடுத்தாரே" என்கிறான் மகன். இன்னொரு பக்கம் என் சித்தி, கச்சேரியில் சினிமாப் பாட்டு பாடினால் தனக்கு இடறல் என்கிறார். இரண்டையும் நிறுத்த வேண்டுமா?

பதில்: வைனை நிறுத்திவிடுங்கள். பாட்டு விஷயம் வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

நம் வேதாகமத்தில் 'இடறல்' என்று வரும் பல இடங்களில் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் 'ஸ்காண்டலோன்'. பொறியில் இரையை மாட்டி வைக்கும் குச்சிக்கு அந்தப் பெயர். எலிப்பொறியில் கருவாடு செருகுவோமே, அந்தக் கம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். கருவாட்டு வாசம் பிடிக்காமல் எலி முகம் சுளித்தால் அது இடறல் இல்லை. பிடித்துப்போய் உள்ளே நுழைந்துவிடுகிறதே, அதுதான் இடறல்.

முதல் நூற்றாண்டில், கிரேக்க நாட்டில் இருந்த கொரிந்து சபையில் இதே பிரச்சினை வந்தது. விக்கிரகத்துக்குப் படைத்த இறைச்சியைச் சாப்பிடலாமா என்று கேட்டார்கள். அந்த ஊரில் கோயிலை ஒட்டியே சாப்பாட்டு அறைகள் இருந்தன. கிரேக்கர்களின் வைத்தியக் கடவுளான அஸ்கிலேபியஸ் கோயிலின் அறைகளைத் தொல்லியலாளர்கள் தோண்டி எடுத்திருக்கிறார்கள். விக்கிரகம் ஒன்றுமில்லை என்று தெரிந்த விசுவாசி அங்கே போய்ப் பந்தியில் உட்காரலாம், அவன் மனசாட்சிக்கு ஒன்றும் ஆகாது. நேற்றுவரை அந்தச் சாமியைக் கும்பிட்டவன் இதைப் பார்த்தால்? தன் மனசாட்சி வேண்டாம் என்று சொல்லியும் துணிந்து சாப்பிடுவான், பழைய வழிக்கே திரும்புவான். அந்தச் சபைக்கு எழுதிய கடிதத்தில், 1 கொரிந்தியர் 8-இல், அப்போஸ்தலன் பவுல் இறைச்சியைப் பாவம் என்று சொல்லவில்லை. என் சகோதரனுக்கு அது இடறல் என்றால் நான் என்றைக்கும் மாம்சம் சாப்பிட மாட்டேன் என்றுதான் சொன்னார். உரிமை இருந்தும், தானாகவே விட்டுக்கொடுத்தார்.

உங்கள் மகன் சொல்வதில் தவறில்லை. திராட்சரசம் தன்னளவில் பாவம் இல்லை என்பதற்குக் கானா நல்ல சாட்சி. ஆனால் உங்கள் வீட்டில் எழுந்திருக்கும் கேள்வி அதுவல்ல. அந்தத் தட்டு யார் முன்னால் நீளப்போகிறது என்பதுதான் கேள்வி. ரோமர் 14:21-ஐ அவனோடு உட்கார்ந்து படியுங்கள். இறைச்சியோடு மதுவையும் பவுல் அங்கே பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்.

சரி, எப்படிச் செய்வது? தம்பிக்கு மட்டும் ஜூஸ் கொடுக்காதீர்கள். நானூறு பேர் நடுவில் அவர் கையில் மட்டும் வேறு கிளாஸ் இருந்தால் அது அவமானம், அந்த அவமானமே குடிக்கத் தூண்டும். எல்லோருக்கும் திராட்சை ஜூஸ் என்று வைத்துவிடுங்கள். காரணத்தை மைக்கில் அறிவிக்க வேண்டாம், சொந்தக்காரர்களிடமும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். கேக்கில் ரம்மில் ஊறிய பழம் போடுவார்களா என்று பேக்கரியில் கேட்டுவிடுங்கள்.

மண்டபத்தைவிட எனக்கு அதிகக் கவலை மொட்டைமாடியைப் பற்றித்தான். பையனின் நண்பர்கள் ராத்திரி அங்கே தனியாக ஏற்பாடு செய்திருப்பார்கள். "இன்னைக்கு ஒரு நாள்தானே, ஒரு வாய்தானே" என்று தம்பியைக் கூப்பிடப்போகிற குரல் அங்கிருந்துதான் வரும். அதை மகனே தன் நண்பர்களிடம் பேசி நிறுத்தட்டும். நீங்கள் போய்ச் சொல்வதைவிட மாப்பிள்ளை சொன்னால் கேட்பார்கள்.

இத்தனைக்கும் பிறகு அவர் வெளியே போய்க் குடித்தால், அது உங்கள் குற்றம் அல்ல. இடறல்கள் வராமல் போகாது என்று இயேசுவே லூக்கா 17:1-இல் சொல்லியிருக்கிறார். அது எவனால் வருகிறதோ அவனுக்குத்தான் ஐயோ என்றார். உங்கள் கையால் வராமல் பார்த்துக்கொள்வதுவரைதான் உங்கள் பொறுப்பு.

இப்போது சித்தி. சினிமாப் பாட்டைக் கேட்டு அவர் தன் மனசாட்சிக்கு விரோதமாக எதையாவது செய்துவிடுவாரா? மாட்டார். அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். மத்தேயு 15-இல், மதச் சட்டத்தில் கறாராக இருந்த பரிசேயர் என்ற யூதப் பிரிவினர் இயேசுவின் பேச்சைக் கேட்டு இடறலடைந்தார்கள் என்று சீஷர்கள் வந்து சொன்னபோது, "அவர்களை விட்டுவிடுங்கள்" என்றுதான் அவர் பதில் சொன்னார். 'எனக்கு இடறல்' என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு பெண் பிள்ளைகளின் உடையையும் வாலிபர்களின் கிட்டாரையும் மடக்குகிற சபைகள் உண்டு. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கிறது. பலவீனனைக் காக்க வந்த சொல்லை, பலசாலிகள் கையில் எடுத்துக்கொள்கிறார்கள்.

அதற்காகச் சித்தியை ஒதுக்கிவிடாதீர்கள். கட்ட வேண்டிய கட்டாயம் இல்லாத ஆலய வரியை, இவர்களுக்கு இடறலாக வேண்டாம் என்று இயேசு கட்டியதும் அதே மத்தேயுவில், 17-ஆம் அதிகாரத்தில்தான் இருக்கிறது. பாட்டுப் பட்டியலை வாங்கிப் பாருங்கள். இரட்டை அர்த்தப் பாட்டு இருந்தால், சித்தி சொன்னாலும் சொல்லாவிட்டாலும் எடுத்துவிடுங்கள்; கேட்கிற பிள்ளைகளுக்காக. மற்றவை இருக்கட்டும். முதல் இரண்டு பாட்டு அவருக்குப் பிடித்த கீர்த்தனையாக இருந்தால் சந்தோஷப்படுவார்.

அப்புறம், இதையெல்லாம் முடிவு செய்வதற்கு முன்னால் தம்பியை நேரில் போய்ப் பாருங்கள். போனில் வேண்டாம். அன்றைக்கு உனக்கு எது கஷ்டமாக இருக்கும், யார் உன்னோடு இருந்தால் நல்லது என்று அவரையே கேளுங்கள். சாப்பாடு முடிந்ததும் கிளம்புகிறேன் என்று அவர் சொன்னால், ஏன் என்று கேட்காமல் வண்டி ஏற்பாடு செய்துகொடுங்கள்.